மாமியார் விழுங்கிய குளிசை

இரணைமடு வாய்க்கால் பக்கம் நான் குடும்பநல உத்தியோகத்தராக இருந்தபோது, கல்யாணமான புதிதிலேயே பெண்களுக்குப் போலிக் அசிட் குளிசை கொடுப்பது என் வேலை. பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகத் தொடங்கும்போது தாய்க்கே கர்ப்பம் தெரிந்திருக்காது. அதனால் முன்கூட்டியே போடவேண்டும்.

சுதாவுக்கு நான் அதிகம் விளக்கவேண்டி இருக்கவில்லை. அவளுடைய அக்காவின் பிள்ளை முள்ளந்தண்டு மூடாமல் பிறந்து, தங்கவில்லை. "எனக்கு அப்பிடி வரக்கூடாது மிஸ்" என்று குளிசையைப் பறிக்காத குறையாக வாங்கினாள்.

அடுத்த முறை போனால் அழுதுகொண்டு நிற்கிறாள். குளிசை எல்லாம் முடிந்துவிட்டது, அவள் போட்டதோ ஒன்றிரண்டுதான். குசினிக்குள்ளிருந்து மாமியார் பரமேஸ்வரி வந்தார்.

"கலியாணம் கட்டின கையோட பிள்ளை வேண்டாமெண்டு குளிசை குடுக்கிறியளே மிஸ்? எனக்குப் பேரப்பிள்ளை பாக்கிற ஆசை இல்லையோ?"

எனக்குப் பொல்லாத கோபம். "குளிசை எங்கயம்மா?"

"நான் போட்டிட்டன்."

"நீங்களோ?"

"ஓம். மருந்தை எறியிறது பாவமெல்லோ. எனக்கு இனிப் பிள்ளை பிறக்கப்போகுதே?"

வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சிரிப்பை மறைக்க இருமினேன்.

"இது பிள்ளையைத் தடுக்கிற குளிசையில்லை அம்மா. சுதாவின்ர அக்காவின்ர பிள்ளைக்கு வந்தமாதிரிக் குறை வாற ஆபத்தைக் குறைக்கிறது."

அவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"அப்ப நான் பேரப்பிள்ளையின்ர குளிசையையோ திண்டனான்?"

சுதாவுக்குப் புதிதாகக் குளிசை கொடுத்தேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் என் வேலையை மாமியார் பிடுங்கிக்கொண்டார். மகன் சிகரெட் பற்றவைத்தால், "வாய்க்காலுக்கு அங்கால போ" என்று துரத்துவார். தலையிடிக்குச் சுதா கடைக் குளிசை போட்டால், "மிஸ்ஸைக் கேட்டனியோ?" என்பார்.

"போலிக் அசிட்டைப் போட்ட பிறகும் வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்குக் கீழ பாக்கிறா மிஸ்" என்று சுதா முறையிட்டாள். எனக்கோ உள்ளூரச் சந்தோஷம்.

பெண்குழந்தை பிறந்தது. நான் போனதும் பரமேஸ்வரி பிள்ளையை மெல்லத் திருப்பி முதுகைக் காட்டினார். "வடிவாப் பாருங்கோ மிஸ்."

ஆஸ்பத்திரியில் பார்த்துத்தான் அனுப்பியிருந்தார்கள். இருந்தாலும் கழுத்திலிருந்து கீழே விரலை ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையுமில்லை. சுதா அழுதாள், எனக்கும் கண் கலங்கியது.

வெளிக்கிடும்போது பரமேஸ்வரி படலைவரை வந்தார். "அந்தக் குளிசை போட்ட நாளில எனக்கு நல்ல உசார் மிஸ். இன்னும் கொஞ்சம் தருவியளோ?"

நான் படித்தது இதுதான்: புதுமணப் பெண் இருக்கும் வீட்டில் முதலில் மாமியாரை இருத்திக் கதைக்கவேண்டும். அதுவரை குளிசையைப் பையிலிருந்து எடுக்கக்கூடாது.