கல்லாட்டம் காற்று

எங்கள் பக்கம் யார் சைக்கிள் வாங்கினாலும் ஊர் கேட்கும் முதல் கேள்வி, "கேரியர் எங்க?" என்பதுதான். நாற்பத்தைந்து வயதில் நான் வாங்கிய சைக்கிளில் கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, மணி இல்லை, மட்கார்டும் இல்லை. முன்சக்கரத்துக்கு மட்டும் ஸ்பிரிங், பின்பக்கம் வெறும் கம்பி. ஹார்ட்டெயில் என்று பெயர். என் மனைவி அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இம்புட்டுக் காசக் கொட்டி, பாதி சைக்கிளயா வாங்கிட்டு வந்தீங்க?" என்றாள்.

திண்டுக்கல்லில் எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. உட்கார்ந்தே தொந்தி வைத்த உடம்பு. நத்தம் சாலையில், ஒரு புளியந்தோப்புக்குப் பின்னால் கரடு என்று நாங்கள் சொல்லும் சின்னக் கல்குன்று ஒன்று உண்டு. ஆடுகள் ஏறி இறங்கியே உண்டான பாதை அதில் கீழே வருகிறது. உருண்டைக் கற்கள், வேர்கள், நடுவில் படி வைத்தது போல மூன்று பாறைகள், முடிகிற இடத்தில் மணல். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பாதையில் கால் ஊன்றாமல் இறங்கிவிட வேண்டும். வாழ்க்கையில் அதற்கு மேல் எனக்கு ஆசை எதுவும் இல்லை என்று அப்போது சத்தியம் செய்திருப்பேன்.

செல்போனில் பார்த்துப் பார்த்துப் பாடம் படித்தேன். இறக்கத்தில் சீட்டில் உட்காரக்கூடாது, பெடல்கள் இரண்டும் சமமாக இருக்க எழுந்து நிற்க வேண்டும். முழங்காலும் முழங்கையும் மடங்கியிருக்க வேண்டும், பின்பக்கம் ஸ்பிரிங் இல்லாத சைக்கிளுக்கு அவைதான் ஸ்பிரிங். பிரேக்கில் ஒரு விரல் போதும். கல்லைப் பார்க்காதே, போகவேண்டிய வழியைப் பார். ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்து அனுப்புகிறவன் நான். என் பார்வையோ சரியாக அந்த இரண்டாவது பாறையில் போய் ஒட்டிக்கொள்ளும். சைக்கிளும் கண் போன பக்கம் போய், பாறையில் பட்டு எகிறி, என்னைக் கீழே தள்ளிவிட்டுத்தான் நிற்கும்.

முதல் தடவை முழங்கால் சிராய்த்தது. அடுத்த தடவை தோள். அதற்கடுத்து மணிக்கட்டில் விரிசல் விட்டு மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தேன். மனைவி அழவில்லை, கத்தவும் இல்லை. சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டே தீர்ப்பைச் சொன்னாள்.

"இன்னொரு தடவ விழுந்து வந்தீங்க, சைக்கிள் எங்கண்ணன் தோட்டத்துக்குப் போயிரும். கேரியரப் போட்டு பூ மூட்ட ஏத்தட்டும்."

சொன்னால் செய்கிறவள். சேவுகம்பட்டியில் இருக்கும் மச்சானும் சும்மா இல்லை. கட்டுப் பிரித்ததிலிருந்து போன் போடும்போதெல்லாம், "என்ன மாப்ள, கேரியர் மாட்டிரலாமா?" என்று கேட்பார். என் சைக்கிளின் முதுகில் மல்லிகை மூட்டை ஏறுவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அடுத்த ஞாயிறுகளில் பாறைக்கு முன்பே இறங்கி, கோழை மாதிரி தள்ளிக்கொண்டு போனேன்.

என்னோடு ஓட்டுகிற கூட்டாளி ஒருவன் கொடைரோட்டுக்காரன். ஒருநாள் கரட்டுக்கு மேலே நான் நொந்துகொண்டு நின்றபோது, என் பின்டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு அலறினான்.

"ஏலே, இது டயரா, இரும்புக் குண்டா? கல்லு மேல இது குதிக்காம என்ன செய்யும்?"

"நான் வாங்குனதுலருந்து காத்தே அடிக்கலடா," என்றேன். காற்றே இறங்காத டியூப் அமைந்திருக்கிறது என்று அதுவரை பெருமை வேறு பட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்ப பேய் வந்து அடிச்சுச்சா?"

இரண்டு சக்கரத்திலும் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, போ என்றான். போனேன். டயர் பாறையைக் கவ்விப் பிடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று இறங்கி மணலில் வந்து நின்றேன். அடேயப்பா! மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் மிரண்டு ஓடுமளவுக்குக் கூவினேன்.

அந்தப் பேயை அடுத்த சனிக்கிழமை கண்ணால் பார்த்தேன். மறந்துவைத்த சாவியை எடுக்கச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், கொல்லையில் என் மனைவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கால் பம்பை மிதித்துக் கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. அடித்து முடித்து டயரைச் சுண்டினாள். டங்கென்று கேட்டதும் முகத்தில் ஒரு நிம்மதி. பூ விவசாயம் செய்த வீட்டில் பிறந்தவள். விடியுமுன்னே பூ மூட்டையோடு மார்க்கெட்டுக்குப் போகிற சைக்கிளில் காற்று குறைந்தால், பாரம் சாய்ந்து ஆள் விழுவான், பூவும் வாடும். அதனால் அந்த வீட்டில் வண்டி கிளம்பும் முன்பு டயர் கல்லாட்டம் இருக்கவேண்டும். என் சைக்கிளுக்கும் அவள் அதைத்தான் செய்திருந்தாள்.

சத்தம் போடாமல் திரும்பிக் கடைக்குப் போய்விட்டேன். இதை எப்படிச் சொல்வது? என் கை முறிந்ததற்குக் காரணம் தான்தான் என்று அவள் நினைத்துவிட்டால்? வாயை மூடிக்கொண்டேன். சனிக்கிழமை அவள் அடிப்பாள், ஞாயிற்றுக்கிழமை கரட்டுக்கு மேலே நான் இறக்குவேன். திரும்புகாலில் தோப்பில் நின்று கைப்பம்பால் முக்கி முக்கி மறுபடி கல்லாக்கி, ஒன்றும் தெரியாதவன் போல வீடு வந்து சேர்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இன்னைக்கு நானும் வாரேன்," என்றாள். ஸ்கூட்டியில் பின்னாலேயே வந்தாள். கீழேயே நில் என்றேன், கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலோடு உச்சிவரைக்கும் ஏறி வந்துவிட்டாள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு முழித்தேன். காற்றை இறக்காமல் போனால் விழுவேன், விழுந்தால் சைக்கிள் சேவுகம்பட்டிக்குப் போகும். இறக்கினால் எல்லாவற்றையும் சொல்லவேண்டும்.

"என்ன நிக்கிறீங்க? காத்த எறக்குங்க."

தூக்கிவாரிப் போட்டது.

"நா அடிச்சத விட இறுக்கமா வீட்டுக்கு வருது சைக்கிள். எனக்குத் தெரியாதாக்கும்?" என்றவள் என் மணிக்கட்டைப் பார்த்தாள். "கை போனதும் இதாலதான?"

"சேச்சே. நான் பயந்து பிரேக்கப் பிடிச்சுட்டேன்."

அவள் அதை நம்பவில்லை.

"தெரிஞ்சப்பறமும் எதுக்கு வாரா வாரம் அடிச்ச?" என்றேன்.

"வேற என்னத்த எனக்குத் தெரியும்? நீங்க பாட்டுக்குக் கல்லுல உருளப் போயிருவீங்க. நா கையக் கட்டிக்கிட்டு வீட்டுல உக்காந்திருக்கணுமா?"

இப்படி ஒருத்தி வாய்த்ததற்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று தோன்றியது. அவளே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "எம்புட்டு எறக்கணும், காட்டுங்க," என்றாள். அவள் கட்டைவிரலைப் பிடித்து டயரில் வைத்துக் காட்டினேன். மாம்பழம் வாங்குகிறவள் போல அமுக்கி அமுக்கிப் பார்த்துக் காற்றை விட்டாள்.

இறங்கினேன். முதல் பாறை, இரண்டாவது, மூன்றாவது. ஜெயித்துவிட்டேன் என்று பெருமையோடு அவளைத் திரும்பிப் பார்த்தேன். கண் போன பக்கம் சைக்கிளும் போனது. மணலில் தொப்பென்று விழுந்தேன்.

அடி ஒன்றும் இல்லை. ஆனால் விழுந்தது விழுந்ததுதான். மச்சானின் கேரியர் கண்ணில் வந்து போனது. மனைவி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தடதடவென்று ஓடி வந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சைக்கிளை நிமிர்த்தி, பின்டயரைக் கட்டைவிரலால் அமுக்கினாள்.

"இன்னுங் கொஞ்சம் எறக்கியிருக்கணும். என் தப்பு," என்றாள். "இது விழுந்த கணக்குல வராது. எந்திரிங்க."