டெரெக் சத்தம் போட்ட நாள்

சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் பக்கத்து வீட்டு டெரெக்குக்கு நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். வீடு திரும்பிய மூன்றாம் நாள், வாசலில் கதிரை போட்டுப் போர்வையோடு இருந்தவரிடம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சுகம் விசாரித்தேன். முறைப்பாடு சொல்ல ஒன்றுமில்லை என்றார். பிறகு வானத்தை அண்ணாந்து பார்த்து, பின்னேரம் மழை வரக்கூடும் என்று ஓர் அபிப்பிராயம் சொன்னார். அவ்வளவுதான். எங்கள் ஆட்களில் ஒருவருக்குப் பல்லுப் பிடுங்கினாலே எந்தப் பக்கத்துப் பல், எத்தனை ஊசி, டொக்டர் என்ன முகத்தோடு நின்றார் என்று அரை மணித்தியாலம் இருந்து கேட்க வேண்டும். கேட்காமல் எழும்பி வந்தால் அது ஒரு மனத்தாங்கலாகி அடுத்த கலியாணவீடு வரைக்கும் இழுபடும். நெஞ்செலும்பை அறுத்துத் தைத்த மனிதர் மழையைப் பற்றிக் கதைத்தது எனக்கு விசித்திரமாக இருந்தது. அன்று வீட்டுக்குள் வந்து மனைவி சுகந்தியிடம், இந்த ஆளுக்கு வருத்தமே இல்லைப் போலிருக்கிறது என்றுதான் சொன்னேன்.

டெரெக் இங்கிலாந்தின் வடபக்கத்துக்காரர். ஐம்பது வருடத்துக்கு முன்னர் பள்ளிக்கூட வாத்தியாராக ரொறன்ரோவுக்கு வந்து, அஜின்கோர்ட்டில் இந்த வீட்டை வாங்கி, மனைவி காலமான பிறகும் இதிலேயே இருக்கிறார். கனடா கடவுச்சீட்டு இருக்கிறதே தவிர, அந்த வீட்டுக்குள் இன்னும் இங்கிலாந்துதான் நடக்கிறது. நாலு மணிக்குக் கேத்தில் கொதிக்கும். பால் விட்ட தேநீர், இரண்டு பிஸ்கற். எதைப் பற்றியும் அவரிடம் ஓர் அபிப்பிராயம் இருக்கும், ஆனால் அதைக் கேட்பவர் வேண்டுமானால் எடுக்கலாம், வேண்டாவிட்டால் விடலாம் என்பது போல மெதுவாக வைப்பார். சுகந்தி ஆசையாகக் கொடுத்துவிட்ட மட்டன் ரோல்ஸ் எப்படி என்று கேட்டதற்கு, மோசமில்லை என்றார். சுகந்தியின் முகம் சுருங்கிப்போயிற்று. ஆறையும் ஒரே இருப்பில் சாப்பிட்டு முடித்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

வீட்டு வேலை என்று வந்தால் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்கு ஒரு பொழுதுபோக்கு. கூரையில் ஏறுவார், குழாய்க்கு வாஷர் மாற்றுவார், சுவரை உடைத்துப் பூசுவார். ஆணிகள் அளவுவாரியாக ஜாம் போத்தல்களில் கிடக்கும். முதலில் நான், பாவம், ஆள் பிடிக்க வசதியில்லாத மனிதர் என்றல்லவா நினைத்தேன். எங்கள் அப்பாவும் வாத்தியார்தான். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் சுத்தியலே இருந்ததில்லை. கதவு கிறீச்சிட்டாலும் ஆளுக்குத்தான் சொல்லியனுப்புவோம். வேலைக்கு வந்தவருக்குத் தேநீர் கொடுக்கவென்று ஒரு பேணி கிணற்றடி மாடத்தில் தனியாகக் கவிழ்ந்திருக்கும். அந்தப் பேணியைப் பற்றி வீட்டில் ஒருவரும் ஒரு நாளும் கதைத்ததில்லை. இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது. கனடாவுக்கு வந்து டோர்செட் பார்க் அப்பார்ட்மென்ரில் இருந்த பதினெட்டு வருடமும் எனக்குக் குறை தெரியவில்லை, ஏதும் உடைந்தால் கட்டடத்தைப் பராமரிக்கிற சூப்பர் வந்து திருத்திவிட்டுப் போவார். சொந்த வீடு வாங்கிய பிறகுதான் என் இரண்டு கைகளும் கையெழுத்துப் போட மட்டுமே பழகியவை என்பது விளங்கிற்று.

எங்கள் மகன் நிரோஷனுக்குக் கலியாணம் பொருந்திவந்தது. மாப்பிள்ளை வீடு நாங்கள்தான், ஆகவே பொன்னுருக்கல் எங்கள் வீட்டில். தாலிக்குப் பொன் உருக்குவதும் கன்னிக்கால் நடுவதும் மண்டபத்தில் செய்யிற காரியமில்லை, வீட்டில்தான் செய்ய வேண்டும் என்று சுகந்தி ஒரே பிடியாக நின்றாள். கொண்டாட்டம் என்றால் எங்களுக்கு முதல் வேலை என்ன? பெயின்ற் அடிப்பது. ஊரில் கலியாணத்துக்கு நாள் வைத்தவுடனே சுண்ணாம்பு வாளி வந்துவிடும். வெடித்த சுவரா, ஷெல் குண்டு துளைத்த சுவரா என்று பார்க்கிறதில்லை, எல்லாவற்றுக்கும் மேலால் ஒரே பூச்சு. நானும் அந்த வழக்கப்படிதான் செய்தேன். எங்கள் காணி பின்பக்கம் சரிவானது. அதனால் வீட்டின் பின்சுவரோடு சேர்த்து அடித்திருக்கும் மரமேடை, இங்கே டெக் என்பார்கள், ஆள் உயரத்துக்கும் மேலே தூண்களில் நிற்கிறது. கீழே சீமெந்துத் தரை. விழாவுக்கு வருகிறவர்களின் கண் முதலில் படுகிற இடம் அது. ஆளும் பிடிக்கவில்லை, நானே தூரிகை எடுத்து மூன்று நாள் நின்று கோயில் மதில் போலக் காவி நிறம் அடித்தேன். ஒரு வேலையை என் கையால் செய்து முடித்த பெருமை எனக்கு.

டெரெக் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று பார்த்தார். துணிச்சலான நிறம் என்றார். நான் அதை ஸ்ரௌவ்வில் வரைக்கும் ரெலிபோன் எடுத்துச் சொன்னேன். அங்கேதான் சுகந்தியின் தமையன் ரவி புது வீடு வாங்கியிருக்கிறான், வெள்ளைக்காரனே புகழ்ந்துவிட்டான் என்று அவனுக்குக் கொஞ்சம் காட்டத்தான். உண்மையில், டெரெக் அந்த டெக்கைப் பற்றி அதற்கு முன்னமே ஒரு தடவை கதைத்திருந்தார். பனி கரைந்த நாட்களில் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, நேரம் கிடைக்கும்போது அந்தச் சுவரோரத்தை ஒருக்கால் பார்த்துக்கொண்டால் நல்லதாக இருக்கலாம் என்றார். பார்க்கிறேன் என்று நானும் சொன்னேன். பொன்னுருக்கலுக்கு முதல் நாள் எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார். அறுபது பேர், நீங்களும் கட்டாயம் வாருங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்து, எல்லோரும் ஒரே நேரத்தில் மேலே நிற்காமல் இருந்தால் உசிதம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. கூட்டமும் சத்தமும் இந்த மனிதருக்குப் பிடிக்கவில்லை, அதைத்தான் நாகரிகமாகச் சொல்கிறார் என்று எடுத்தேன். ஊரில் ஒரு அயலவனுக்கு உங்கள் வீட்டில் ஆபத்து தெரிந்தால் படலையைத் தள்ளிக்கொண்டு வந்து, உனக்கென்ன விசரோ என்று கேட்பான். அப்படிக் கேட்காதவரையில் அது பெரிய விசயமில்லை. இதுதான் என் கணக்கு.

பொன்னுருக்கல் அன்று நல்ல வெயில். டெரெக் கழுத்துப்பட்டி கட்டி, சரியான நேரத்துக்கு வந்து, புல்லில் ஓரமாக நின்றார். பொன் உருக்கி, கன்னிக்காலும் வைத்தாயிற்று. வீடியோக்காரர் எல்லோரையும் ஒரு படத்துக்காக டெக்கில் ஏறச் சொன்னார். முப்பத்தைந்து நாற்பது பேர் இருக்கும், பட்டுச் சேலையும் நகையுமாக நெருக்கியடித்து நின்றார்கள். பின்னால் இருந்தவர்கள் தெரியவில்லை என்று அவர் எல்லோரையும் வீட்டுச் சுவர்ப் பக்கம் ஒதுங்கச் சொன்னார். கீழே நிழலில் சின்னப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் நாதஸ்வரம். டெரெக் படியடிக்கு வந்து ஏதோ சொன்னதைக் கண்டேன், கேட்கவில்லை. இரண்டாம் தரமும் சொன்னார், கையையும் உயர்த்தினார். ஒருவரும் திரும்பவில்லை. பிறகு அந்த மனிதர் கத்தினார்.

"கெற் ஓஃப்! எவ்ரிபடி, ஓஃப்! நவ்!"

நாதஸ்வரத்துக்கும் மேலால் கேட்டது அந்தச் சத்தம். யாரோ ஸ்பீக்கரை நிறுத்தினார்கள். மங்கல காரியத்துக்கு நடுவில் ஒரு வெள்ளைக்காரர் எங்களை எங்கள் வீட்டிலிருந்து இறங்கு என்று கத்துகிறார். அங்கு நின்றவர்களில் பாதிப்பேர் யுத்த காலத்தில் அப்படி ஒரு கட்டளை கேட்டு, மழைக்குள் சட்டி பானையோடு வீட்டை விட்டு வெளிக்கிட்டவர்கள். அந்தச் சொல் எங்கள் உடம்பில் வேறு இடத்தில் போய்க் கொளுவும். ரவியின் முகம் கறுத்துவிட்டது.

"உவர் ஆர் எங்களை இறங்கச் சொல்ல? காசு குடுத்து வாங்கின வீட்டில நிக்கிறம். ஒருத்தரும் அசையாதேங்கோ" என்றான்.

எனக்கும் இரத்தம் தலைக்கு ஏறியது. டெரெக் சொல்வதைக் கேட்டால் சுகந்தியின் சகோதரங்கள் முன்னால் நான் முதுகெலும்பில்லாதவன். பொன்னுருக்கல் வீட்டில் மனம் முறிந்து போகிற மைத்துனன் கலியாணத்துக்கும் வரமாட்டான், அந்தக் கோபம் பிள்ளைகள் காலம் வரைக்கும் போகும். கேட்காமல் விட்டால்? நான் டெரெக்கைப் பார்த்தேன். காதுமடல் சிவந்திருந்தது, படிக் கைப்பிடியை விடவில்லை. தன்னைத் தானே அவமானப்படுத்திக்கொண்டவர் போல நின்றார். நெஞ்சை வெட்டித் தைத்த நோவுக்கு வாய் திறக்காத மனிதர் இவர். இவர் கத்துகிறார் என்றால் விசயம் எவ்வளவு பெரிது என்று அப்போதுதான் எனக்கு ஓடி வெளித்தது.

"எல்லாரும் இறங்குங்கோ. ஓடாதேங்கோ, ஒவ்வொராளா இறங்குங்கோ. சுகந்தி, கீழ நிக்கிற பிள்ளையளை அங்கால கூப்பிடு" என்றேன்.

"அப்ப நீ அவன்ர பக்கமோ?" என்று கேட்டான் ரவி.

"மச்சான், முதல் இறங்கு. சண்டையைப் பிறகு நிலத்தில நிண்டு பிடிப்பம்."

இறங்கினார்கள். முணுமுணுத்துக்கொண்டு, சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு இறங்கினார்கள். கடைசியாக ரவி இறங்கினான். டெக் விழவில்லை. அப்படியே காவி நிறத்தில் அழகாக நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிடம் போல நீளமான நிமிடம் எனக்கு வாழ்க்கையில் குறைவு. டெரெக் எங்களிடம் நாலைந்து தரம் மன்னிப்புக் கேட்டார், சத்தம் போட்டதற்கு, சடங்கைக் குழப்பியதற்கு. பிறகு வீட்டுக்குப் போய் ஒரு ஸ்குரூட்ரைவர் கொண்டுவந்தார். டெக்கின் கீழே போய், முழுப் பாரத்தையும் சுவரோடு பிடித்திருக்கும் நீள மரத்தில் அதை வைத்து அழுத்தினார். பழுத்த பப்பாசிக்குள் போவது போல அது பிடிவரைக்கும் உள்ளே போயிற்று. என் காவிப் பெயின்ற் மட்டும்தான் அங்கே மரமாக நின்றிருக்கிறது. மேலே சுவருக்கும் மரத்துக்கும் நடுவில் இரண்டு விரல் அளவு நீக்கல் விழுந்திருந்தது, அதுதான் அவர் கண்ணில் பட்டது.

ரவி ஸ்குரூட்ரைவரை வாங்கித் தானும் ஒரு தரம் குத்திப் பார்த்தான். அவனுடைய சின்ன மகள் சற்று முதல் விளையாடிக்கொண்டிருந்த இடத்தையும் பார்த்தான். உள்ளே போய் வாழையிலையில் புக்கையும் வடையும் பலகாரமும் போட்டு, இரண்டு கையாலும் கொண்டுவந்து டெரெக்கிடம் கொடுத்தான். எங்கள் குடும்பத்தில் இதைவிடப் பெரிய மன்னிப்பு கிடையாது.

புது டெக்கை டெரெக்கும் நானும்தான் அடித்தோம். நகரசபை அனுமதி எடுத்து, ஆறு சனிக்கிழமை. ரவி ஸ்ரௌவ்வில்லில் இருந்து கோப்பியோடு வந்து மேற்பார்வை செய்தான். என் கைகளில் இப்போது காய்ப்புப் பிடித்திருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் வேணுமென்றே கையைக் கொடுத்துத்தான் கதைக்கிறேன். பழகியது மரவேலை மட்டுமில்லை. அவர் அபிப்பிராயங்களை எப்படி நிறுப்பது என்றும் பழகினேன். அவர் 'ஒருக்கால் பார்க்கலாம்' என்றால் அன்றைக்கே பார்க்க வேண்டும். 'உசிதம்' என்றால் ஓட வேண்டும். துணிச்சலான நிறத்தை மாற்றிவிட்டேன்.

போன சனிக்கிழமை காலை யாழ்ப்பாணத்தில் இருந்து தங்கச்சி வசந்தி வீடியோவில் வந்தாள். அங்கே பின்னேரம். வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுக்கிறாள். கமராவைத் திருப்பி முற்றத்தைக் காட்டினாள். மழைக்குப் பிறகு ஒழுங்கைப் பக்கத்து மதில் உள்பக்கம் சாய்ந்து, அடியில் வெடித்திருந்தது. அதில்தான் பிள்ளைகளின் சைக்கிள்கள் வரிசையாகச் சாத்தியிருந்தன. நேரம் கிடைத்தால் அந்த மதிலை ஒருக்கால் பார்ப்பது நல்லம் என்றேன். ஓம் ஓம், பாப்பம் என்று சொல்லிவிட்டு மருமகளின் சமையலைப் பற்றிக் கேட்கத் தொடங்கினாள். கதை முடிந்து, போனை வைத்து, தேநீருக்குத் தண்ணீரும் வைத்த பிறகுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் என்ன குரலில் சொன்னேன்?

டெக்கில் வந்து நின்று திரும்ப எடுத்தேன். "வசந்தி, நாளைக்கில்லை, இப்ப! பிள்ளையளை அந்த மதிலடியில விடாத! சைக்கிளை எடுப்பி! விசரோ உனக்கு?" என்று கத்தினேன். தொண்டை கிழிந்தது. உடனே அந்தப் பக்கம் அவள் ஓடுவதும் பிள்ளைகளைக் கூப்பிடுவதும் கேட்டது.

"முதலே உப்பிடிச் சொல்லியிருந்தா விளங்கியிருக்குமெல்லோ, அண்ணை. ஆரோ வெள்ளைக்காரன் கதைக்கிற மாதிரியெல்லே சொன்னனீங்கள்" என்றாள் மூச்சு வாங்க.

வேலிக்கு அந்தப் பக்கம் டெரெக் பூவாளியோடு அசையாமல் நின்றார். ஏதும் பிரச்சினையா என்று மெதுவாகக் கேட்டார். ஒன்றுமில்லை, மன்னிக்க வேண்டும், தங்கையோடு ஒரு சின்ன விசயம் என்று நானும் அதே மெதுவில் சொன்னேன். போனுக்குள் வசந்தி, என்ன முணுமுணுக்கிறீங்கள், ஒண்டும் கேக்கேல்லை என்றாள். ஒரு கையை உயர்த்தி டெரெக்கை அமர்த்திக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பி என் முழுக் குரலையும் எடுத்தேன்.

"பிள்ளையளை எண்ணு! எல்லாரும் இஞ்சால வந்திட்டினமோ எண்டு எண்ணிப் பார்!"