அம்மா வழி ரத்தம்

என் தம்பிக்குக் காது குத்திய கதையை எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் அப்பா எழுந்துபோய்த் தண்ணீர் மோட்டாரைப் போடுவார், மாடியில் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தாலும். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷமாகியும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அப்போது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்குப் பதினோரு மாதம். காரைக்கால் தலத்தெருவில் குடியிருந்தோம். அப்பாவுக்கு மின்துறையில் வேலை. அவருடைய அக்கா, என் அத்தை, விழிதியூரில் வாழ்க்கைப்பட்டவள். நிலமும் டிராக்டரும் உள்ள குடும்பம். எங்கள் வீட்டில் எதுவும் அத்தையைக் கேட்டுத்தான் நடக்கும். எனக்குப் பெயர் வைத்தது அத்தை. வாசல் கதவுக்குப் பச்சை வண்ணம் அடிக்கச் சொன்னதும் அத்தைதான். அப்பாவை ஊரில் எல்லோரும் நிதானமானவர் என்பார்கள். அத்தை ஒன்றும் அம்மா வேறொன்றும் சொல்கிற நேரத்தில் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். அதற்குப் பெயர்தான் நிதானம்.

காதுகுத்து விழிதியூர்க் கோயிலில். முதல் நாளே அத்தை வீட்டுக்குப் போய்விட்டோம். அத்தை பீரோவைத் திறந்து, தன் மகன் காதுகுத்துக்குப் போட்ட பட்டுச் சட்டையையும் ஒரு கம்பளிப் போர்வையையும் எடுத்தாள். திறந்ததுமே அறை முழுக்க நெடி அடித்தது. துணியைப் பூச்சி அரிக்காமலிருக்க வைக்கிற வெள்ளைப் பாச்சை உருண்டைகளை அத்தை தட்டுக்குத் தட்டு கொட்டி வைத்திருந்தாள். போர்வையை உதறியபோதும் நாலைந்து உருண்டு ஓடின. எனக்கு அந்த வாசனை பிடிக்கும். அம்மா மட்டும் மூக்கைச் சுளித்தாள்.

"அண்ணி, இதைக் கொஞ்ச நேரம் வெயில்ல போட்டு எடுத்துடட்டுமா? நெடி தாங்கல."

"பட்டை வெயில்ல போடுவியா? எங்க வீட்டுத் துணி உனக்கு நாறுதா?"

அப்பா பேப்பரைத் தேடினார். அத்தை வீட்டில் பேப்பர் வாங்குவதில்லை. ஆகவே கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

தம்பிக்கு மொட்டை போட்டு, உடம்பெல்லாம் எண்ணெய் தடவி, அந்தச் சட்டையைப் போட்டுவிட்டார்கள். தாய்மாமா மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டு ஊரே கேட்க அழுதான். அன்று பகலெல்லாம் அந்தச் சட்டைதான், தூங்கும்போது அந்தக் கம்பளிதான். ஊருக்குக் கிளம்பும்போது கம்பளியை அவனுக்கே கொடுத்துவிட்டாள் அத்தை. தாராள மனசு என்று அப்பா பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தார்.

வீடு வந்த இரண்டாம் நாள் தம்பி பால் குடிக்கவில்லை. அழக்கூட இல்லை. மொட்டைத் தலை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. கண்ணில் மஞ்சள். அம்மா அவனுடைய வெள்ளை இடுப்புத் துணியை மாற்றியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். துணியில் கறுப்புக் காப்பியைக் கொட்டியது போல இருந்தது. அம்மா அதைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

அப்பா போன் போட்டதும் அத்தை ஒரு சிறிய ஜாடியோடு வந்துவிட்டாள்.

"மஞ்சக்காமாலை. இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனா ஊசியப் போட்டுக் கெடுத்துடுவாங்க. பூவத்துல ஒருத்தர் மருந்து குடுக்கிறாரு, கையோட வாங்கியாந்துட்டேன். மூணு வேளை குடுத்தாச் சரியாயிடும்."

கீழாநெல்லியை அரைத்த பச்சை விழுது. தம்பி வாயில் வைத்தால் அது அப்படியே வழிந்தது. அம்மா, "என்னங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள். அப்பா, "அக்கா சொல்றாங்கல்ல, சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம்" என்றார். மத்தியானம் அம்மா மறுபடி கேட்டாள். மறுபடியும் சாயங்காலம் என்றார். சாயங்காலத்துக்குள் ஒரு குழந்தைக்கு என்னவெல்லாம் ஆகலாம் என்று அந்த நிதானமான மனிதருக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

அம்மா மூன்றாம் முறை கேட்கவில்லை. தம்பியை அந்தக் கம்பளியிலேயே சுற்றித் தோளில் போட்டாள். "பையை எடுத்துக்கிட்டு வா" என்று என்னிடம் சொன்னாள். வாசலில் அத்தை குறுக்கே நின்றாள்.

"எங்க வீட்டுப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா..."

"ஆவறதுக்கு முன்னாடி வழிய விடுங்க அண்ணி."

அம்மா அத்தையிடம் அப்படிப் பேசி நான் கேட்டது அது ஒரு முறைதான். தெருமுனையில் ஆட்டோ கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். தம்பியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தவர் சட்டென்று நர்ஸைக் கூப்பிட்டு, உடனே ரத்தத்துக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். அப்புறம் அம்மாவிடம், "புதுசா ஏதாவது மருந்து, மாத்திரை குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"கீழாநெல்லி குடுத்தாங்க. ஆனா அதுக்கு முன்னாடியே மூத்திரம் கறுப்பாத்தான் போச்சு."

டாக்டர் குனிந்து கம்பளியை முகர்ந்தார். "இது பீரோவுல இருந்ததா? பாச்சை உருண்டை போட்டு?"

அம்மா தலையாட்டினாள். சட்டையைப் பற்றியும் எண்ணெயைப் பற்றியும் சொன்னாள். டாக்டர் கம்பளியை உருவி நர்ஸிடம் கொடுத்து வெளியே போடச் சொன்னார். ரத்தம் ஏறத் தொடங்கிய பிறகுதான் உட்கார்ந்து பேசினார்.

"ரத்தத்துல சிவப்பணு இருக்குல்லம்மா, அதுக்கு நாள் பூரா ஏதாவது சேதாரம் வந்துகிட்டேதான் இருக்கும். நமக்கே தெரியாம ஒரு என்சைம் அதைச் சரிக்கட்டிடும். உங்க பையனுக்கு அந்த என்சைம் குறைச்சலா இருக்கும்னு நினைக்கிறேன். சும்மா இருக்கிறப்ப ஒண்ணும் தெரியாது. இந்த உருண்டை நெடி மாதிரி ஏதாவது மூக்கு வழியாவோ, எண்ணெய் தடவின தோல் வழியாவோ உள்ள போனாத் தாங்காது. அணுவெல்லாம் உடைஞ்சு மூத்திரத்துல வருது. இப்பவாவது கொண்டாந்தீங்களே."

இன்று நான் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறேன். வெளியே வெயில் கொளுத்தினாலும் மழை கொட்டினாலும் உடம்பு தன் உள்சூட்டை மாறாமல் வைத்துக்கொள்கிறது; உப்பையும் சர்க்கரையையும் அமிலத்தையும் கூடவிடாமல், குறையவிடாமல் பார்த்துக்கொள்கிறது. கரும்பலகையில் அம்புக்குறி போட்டு இதைச் சொல்வேன். உயிரணுவுக்குள் இந்த வேலைகளை உரிய நேரத்தில் நடத்துகிறவை நொதிகள், அதாவது டாக்டர் சொன்ன அந்த என்சைம்கள். அவற்றில் ஒன்று குறைந்தாலும் சில சமயம் மற்றவை சமாளித்துக்கொண்டு போகும். வெளியிலிருந்து ஒரு பெரிய சுமை வந்து விழுகிற வரைக்கும்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "இது பரம்பரையா வர்றது. ஆம்பளப் புள்ளைக்கு அம்மா வழியாத்தான் வரும். உங்க தப்பு ஒண்ணும் இல்ல, கண்ணு நிறம் வர்ற மாதிரிதான்." என்னைப் பார்த்தார். "இவளுக்கும் இருக்கலாம். பொண்ணுங்களுக்குப் பெரும்பாலும் ஒண்ணும் செய்யாது. நாளைக்கு இவ பெத்துக்கிற பையனுக்கு வரலாம், அவ்வளவுதான்."

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இவளைப் பத்தி யாருகிட்டயும் சொல்ல வேணாம் டாக்டர்."

மறுநாள் காலை தம்பியின் உதட்டில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. அப்பா வந்தார். டாக்டர் அறைக்குள் போய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தார். சற்று நேரத்தில் அத்தையும், விழிதியூர் உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேரும் வந்தார்கள். கையில் ஆரஞ்சுப் பழம்.

"என் சட்டையாலதான்னு சொல்றாளாமே? என் மவன் போட்ட சட்டைதானே அது? அவனுக்கு ஒண்ணும் ஆவலயே?" என்றாள் அத்தை, வார்டு முழுக்கக் கேட்கும்படி.

அப்பா வாய் திறந்தார். வாழ்நாளெல்லாம் பேசாமலிருந்த மனிதருக்கு அன்றைக்குப் பார்த்துப் பேச்சு வந்தது.

"சட்டை மட்டும் இல்லக்கா. ரத்தத்துலயே குறை இருக்காம். அம்மா வழியா வர்றதாம்."

அத்தையின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். வார்டுக்குள் நுழைந்தபோது கலங்கியிருந்த முகம் அது.

"அப்படிச் சொல்லு. நம்ம வம்சத்துல ஏது இந்த மாதிரி ரத்தம்? வந்த எடத்துக் கோளாறு."

உறவுக்காரப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். அம்மா தம்பியின் கையில் ஊசி நகராமல் பிடித்தபடி தலை குனிந்திருந்தாள். அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள். வெயிலில் போடலாம் என்று சொன்னவளும் அவள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பெஞ்சிலிருந்து குதித்து அத்தையின் முன்னால் போய் நின்றேன்.

"எனக்கும் அந்த ரத்தந்தான்! டாக்டர் சொன்னாங்க. எனக்கும் இருக்கு! எனக்குப் பொறக்கிற..."

முடிக்கவில்லை. அம்மாவின் கை என் வாயில் பட்டென்று விழுந்தது. உதடு பல்லில் இடித்து ரத்தம் கசிந்தது. அம்மா அதற்கு முன் என்னை அடித்ததே இல்லை. அத்தை அம்மாவைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி பிழைத்துக்கொண்டான். சில மாதம் கழித்துப் பாண்டிச்சேரியில் செய்த பரிசோதனையும் டாக்டர் சொன்னதைத்தான் உறுதி செய்தது. இன்று அவன் பைக்கில் திரிகிறான். எனக்கு இருபத்துநான்கு வயதில் ஒரு நல்ல இடம் வந்து, பூ வைக்கிற அளவுக்குப் போய், திடீரென்று நின்றது. அத்தை அந்த வீட்டுக்குப் போய்வந்திருக்கிறாள். "நான் ஒண்ணும் இட்டுக்கட்டல, அந்தப் பொண்ணே எல்லாரு முன்னாலயும் சொல்லிச்சு" என்றாளாம். அப்பாவிடம் சொன்னபோது மோட்டார் போடப் போய்விட்டார்.

ஆனால் அன்று வார்டில் எனக்கு இதெல்லாம் தெரியாது. அவர்கள் போன பிறகு அம்மா முந்தானையைத் தண்ணீரில் நனைத்து என் உதட்டைத் துடைக்க வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "வலிக்குதா?" என்றாள். வாங்கிவைத்திருந்த பன்னைத் தள்ளி வைத்தேன். அம்மாவுக்காகத்தானே சண்டைக்குப் போனேன், அவள் எப்படி அத்தை பக்கம் சேர்ந்துகொண்டாள் என்று சுவரைப் பார்த்தபடி நெடுநேரம் பொருமிக்கொண்டிருந்தேன்.