இரண்டு நூல் உயரம்

மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றுள் பெரும்பகுதியை, ஒரே ஒரு மனிதரைத் தலைகுனிய வைக்க வேண்டும் என்பதற்காகவே கற்றேன். அறிவின் மேல் கொண்ட ஆசையால் கற்றேன் என்று எழுதினால் படிப்பவர்கள் என்னை மதிப்பார்கள். ஆனால் அது உண்மை ஆகாது.

அந்த மனிதர் திருவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியின் பூகோள ஆசிரியர். நான் இராஜபாளையத்தில் கொத்தனார். எண்பதுகளின் பிற்பகுதியில் அப்பள்ளியின் ஆண்டு விழாவை முன்னிட்டு, மைதானத்தின் மேற்குச் சுவரை ஒட்டி, மலைத்தொடர் முழுவதையும் சிமெண்டில் வடித்துத் தரும் வேலை எனக்கு வந்தது. தபதி ஆற்றில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை முப்பத்திரண்டு அடி நீளம். ஓர் அடிக்கு ஐம்பது கிலோமீட்டர் என்பது நீளக் கணக்கு. உயரத்துக்கு, ஓர் அங்குலத்துக்கு எண்ணூறு அடி. வடிக்கும் மலைக்குப் பின்னால், சுவருக்கு அப்பால், உண்மையான மலை நீலமாக நிற்கும். மாணவர்கள் இரண்டையும் ஒருசேரப் பார்க்கலாம். இந்த யோசனை அந்த ஆசிரியருடையது. நல்ல யோசனை. அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

ஒவ்வொரு சிகரத்துக்கும் உரிய அளவைத் தம் கையாலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கலவை போடுமுன் அளவுத்தாளில் வீட்டுக்காரரின் கையொப்பத்தை வாங்கி வைப்பது என் வழக்கம். சன்னலை நான் அங்கே கேட்கவில்லையே என்று பின்னால் சொல்பவர்கள் உண்டு. அவரும் கையொப்பமிட்டார்.

தாளை வீட்டில் விரித்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன். தொட்டபெட்டாவுக்குப் பதினோர் அங்குலம் என்றும், ஆனைமுடிக்குப் பத்து அங்குலம் ஆறு நூல் என்றும் எழுதியிருந்தார். எங்கள் தொழிலில் ஓர் அங்குலத்தை எட்டாகப் பகுத்து ஒரு பங்கை நூல் என்போம். ஆக, இரண்டு நூல் வேறுபாடு. வேறுபாடு சரிதான், ஆனால் தலைகீழாக இருந்தது. ஆனைமுடி எட்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு அடி. தொட்டபெட்டா எட்டாயிரத்து அறுநூற்று ஐம்பத்திரண்டு. எனக்கு இது தெரிந்திருந்ததற்குக் காரணம் உண்டு. இளமையில் மூன்று ஆண்டுகள் மூணாற்றுக்கு மேலே தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர்கள் தங்கும் லயன் வீடுகள் கட்டினேன். காலையில் சாரம் ஏறினால் எதிரே ஆனைமுடி. மரமே இல்லாத வழுக்கைப் பாறை. யானை படுத்து எழ முயலும்போது முதலில் உயரும் நெற்றியைப் போன்ற வடிவம். மழை விட்டதும் அதன் மேனியெங்கும் வெள்ளிக் கோடுகளாக நீர் வழியும். அந்தக் கோடுகளுக்கு நடுவே வரையாடுகள் புள்ளிகளாக நகரும்.

மறுநாள் பள்ளிக்குச் சென்றபோது அவர் ஒன்பதாம் வகுப்பை வேலையிடத்துக்கே அழைத்து வந்து வேப்பமரத்தடியில் உட்கார வைத்திருந்தார். நான் அருகில் போய்த் தணிந்த குரலிலேயே சொன்னேன்.

"சார், ஒரு சின்ன விசயம். தொட்டபெட்டாவுக்கும் ஆனைமுடிக்கும் அளவு மாறிப் போச்சோன்னு தோணுது."

"என்ன மாறிப் போச்சு?"

"ஆனைமுடிதான சார் உசரம்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. வகுப்பைப் பார்த்தார். பிறகு உரத்த குரலில் கேட்டார்.

"ஏலே, நீ எம்புட்டுப் படிச்சிருக்க?"

"அஞ்சாப்பு சார்."

"கேட்டீயளா? அஞ்சாப்பு வந்து எம்.ஏ.வுக்குப் பாடம் நடத்துது." சிரிப்பு எழுந்தது. "தமிழ்நாட்டுல ஒசந்த சிகரம் எது? சொல்லுங்க இவருக்கு."

"தொட்டபெட்டா சார்!" என்று நாற்பது குரல்கள் ஒன்றாகக் கூவின.

"காதுல விழுந்துச்சா? கரண்டியக் கீழ வையி. பாடம் முடியுற மட்டும் இங்கனயே கையக் கட்டிட்டு நில்லு. சிமெண்டு குழைச்சது போதும், செத்த நேரம் மலையப் பத்தியும் படிச்சிட்டுப் போ."

அவர் கேட்ட கேள்விக்குப் பிள்ளைகள் சொன்ன விடை சரியே. தமிழ்நாட்டில் உயர்ந்தது தொட்டபெட்டாதான். ஆனால் தரையில் நான் வடித்துக்கொண்டிருந்தது தமிழ்நாடு அல்ல, மலைத்தொடர் முழுவதும். ஆனைமுடி எல்லைக்கு அப்பால் கேரளத்தில் இருக்கிறது. அவ்வளவே அவர் செய்த பிழை. அதை நான் சொல்லியிருக்க முடியும். முப்பத்தைந்து வயதில், கைகளைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளின் முன் நின்றேன். எனக்குப் பின்னால் இரும்புச் சட்டியில் குழைத்து வைத்த கலவை இறுகிக்கொண்டிருந்தது. சித்தாளாக வந்திருந்த கான்சாபுரத்துப் பெண் அதைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தாள். மணி அடித்தபோது அந்தக் கலவையைக் கரண்டியால் கொத்திப் பெயர்த்துத்தான் எறிய வேண்டியிருந்தது.

அன்றே முடிவு செய்தேன். ஆனைமுடிதான் உயரம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து, அதே மைதானத்தில், பிள்ளைகளின் முன்னிலையில் வரவழைக்க வேண்டும். மன்னிப்பு எனக்கு வேண்டியதில்லை. மன்னிப்பை யாரும் இல்லாத இடத்தில் கூடக் கேட்டுவிடலாம்.

வேலை முடிந்த மாலைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். நிலப்படப் புத்தகத்தை மேசையில் விரித்து, நகத்தால் மலையின் முதுகைத் தடவிக்கொண்டே வடக்கிலிருந்து இறங்குவேன். மராட்டியத்தில் உயர்ந்தது களசுபாய். அது எங்கள் ஊருக்கு மேற்கே நிற்கும் கோட்டைமலையைவிடத் தாழ்ந்தது என்று அறிந்த நாளில் எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது. கன்னட நாட்டில் முல்லையன்கிரி. குதிரை முகம் போன்றதால் அப்பெயர் பெற்ற குதுரேமுக். பிறகு கிழக்கிலிருந்து வரும் மலைகளும் மேற்கு மலைகளும் கைகோக்கும் நீலகிரி. அதன் தெற்கே சடாரென்று மலையே இல்லாமல் போகும் பாலக்காட்டுக் கணவாய். கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, அதிலிருந்து கிழக்கே பிரிந்து போகும் பழனி மலை, தெற்கே ஏலமலை, வருசநாடு, நம் தலைக்கு மேல் நிற்கும் இந்தச் சரிவுகள், செங்கோட்டைக் கணவாய், அதற்கப்பால் அகத்தியமலை. ஒவ்வொரு பெயரையும் குறிப்பேட்டில் எழுதும்போது, இதைப் பற்றி அவரிடம் கேட்டால் திணறுவாரா என்ற ஒரே நினைவுதான்.

மலையை அவர் தந்த அளவின்படியே கட்டினேன். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. பிழையையும் அவர் சொன்ன அளவுக்கே கட்டினேன். பின்னால் யாரும் சத்தமில்லாமல் செதுக்கித் திருத்திவிடக் கூடாது என்று தொட்டபெட்டாவுக்கு மட்டும் கலவையில் சிமெண்டைக் கூட்டி, உள்ளே உச்சி வரை கம்பி நிறுத்தினேன்.

"என்ன மேஸ்திரி, மலைக்குப் போயி கம்பி கட்டுதீய?" என்றாள் சித்தாள்.

"காத்துல சாஞ்சிரப்படாதுல்ல."

"ஆமா, ஊட்டியில காத்து சாஸ்தி."

"சிரிக்காத ஏட்டி. தண்ணிய ஊத்து."

என் எண்ணம் இதுதான். விழாவுக்குக் கல்வி அதிகாரி வருவார். படித்த மனிதர். பார்த்த உடனே பிழையைக் கண்டுபிடிப்பார். ஆசிரியர் என்னைக் கைகாட்டுவார். நான் சட்டைப்பையிலிருந்து அவர் கையொப்பமிட்ட தாளை எடுப்பேன்.

அதிகாரி வந்தார். ரிப்பனை வெட்டினார். வடக்கிலிருந்து தெற்கு வரை நடந்தார். தொட்டபெட்டாவின் உச்சியில் கையை வைத்து, "ஆகா, நம்ம தொட்டபெட்டா! மகுடம் மாதிரி இருக்கே!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். ஆசிரியருக்கு ஒரு மாலை. சட்டைப்பையில் தாள் வியர்வையில் நனைந்ததுதான் மிச்சம்.

அதன்பின் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஓடின. அந்தப் பள்ளி வழியாக வேலைக்குப் போகும்போதெல்லாம் பேருந்தின் சன்னலோரம் எழுந்து நின்று சுவருக்கு மேல் பார்ப்பேன். என் பொய் அப்படியே நின்றது. ஒவ்வோராண்டும் ஒரு வகுப்பு அதைப் படித்து வெளியே போயிற்று. பிள்ளைகளுக்குப் பிழை போகிறதே என்ற வருத்தம் எனக்கு இருந்தது. ஆனால் பழியைவிட அது பெரியதாக இருக்கவில்லை. அதை மறைத்து என்ன பயன்?

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்குப் பக்கத்தில் நான் வழக்கமாகச் சிமெண்டு எடுக்கும் கடையில், கடைக்கார பாய் என்னைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சிரித்தார்.

"மேஸ்திரி, பள்ளிக்கூடத்துல அந்த மலைய வச்சது நீருதான?"

"ஆமா பாய். ஏன்?"

"எம்மவ ஒம்பதாப்பு படிக்கா. சிகரத்தத் தப்பா வச்சுட்டாராமே. புது டீச்சரம்மா ஒண்ணு வந்து கண்டுபிடிச்சிருக்கு. சரி பண்ணலாம்னு பியூன் உளிய வச்சு அடிச்சா பொறி பறக்குதாம்."

"யாரு தப்பா வச்சதாச் சொல்லுதாவ?"

பாய் தராசைத் துடைத்துக்கொண்டே தயங்கினார். "பூகோள சாருதான். 'அஞ்சாப்புப் படிச்ச கொத்தன், நான் அம்புட்டுச் சொல்லியும் கேக்காம வச்சுட்டான்'னு இப்ப வகுப்புக்கு வகுப்பு சொல்லுதாராம். எம்மவளுக்கு நீருதான்னு தெரியாது. நானும் சொல்லல."

கடையில் அப்போது வேறு இரண்டு பேர் இருந்தார்கள். இருவரும் வீடு கட்டப் போகிறவர்கள். என் முகத்தைப் பார்த்தார்கள். அவரை வீழ்த்துவதற்காக நான் கம்பி வைத்துக் கட்டிய பிழை, உடைக்க முடியாத உறுதியோடு, என் பெயரில் நின்றுகொண்டிருந்தது.

வீட்டுக்கு ஓடி வந்து தகரப் பெட்டியைத் திறந்தேன். பழைய அளவுத்தாள்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. அடியில் கரையான். மண்ணாய் உதிர்ந்தன. அவருடைய கையொப்பம் எங்கே இருந்தது என்றுகூடத் தெரியவில்லை. என் மனைவி விளக்குமாறோடு வந்து நின்று, "போனதக் கூட்டிக் கொட்டுங்க. பொறவு பாத்துக்கிடலாம்" என்றாள். இரண்டு நாள் யோசித்தேன். தாள் இல்லாமல், அவர் சொன்னபடிதான் செய்தேன் என்று வாதிட்டால், ஐந்தாம் வகுப்பா எம்.ஏ.வா என்ற கேள்விக்கே அது திரும்பும். வாதாடக் கூடாது என்று தெளிந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, கரண்டி, உளி, கம்பி அறுக்கும் ஆக்சா பிளேடு, அரைச் சாக்குச் சிமெண்டுடன் மைதானத்துக்குப் போனேன். அவர் அதே வேப்பமரத்தடியில் ஒன்பதாம் வகுப்பை வைத்திருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் கையிலிருந்த குச்சி அசையாமல் நின்றது.

பிள்ளைகளைப் பார்த்துக் கைகூப்பினேன்.

"இந்த மலையக் கட்டின கொத்தன் நான்தான். தப்பு நடந்து போச்சு. சரி பண்ண வந்திருக்கேன். சார் சொல்லுற அளவுதான் வைப்பேன். அன்னைக்கும் அப்பிடித்தான்." பிறகு அவரிடம் திரும்பினேன். "சொல்லுங்க சார். எது உசரம்?"

அவர் தொண்டையைச் செருமினார். "அதான் எல்லாருக்கும் தெரியுமே. நீங்க வேலையப் பாருங்க."

"அளவு சொல்லாம கரண்டியத் தொட மாட்டேன் சார். தொழில் வழக்கம்."

பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள்.

"ஆனைமுடி," என்றார்.

"காது செத்த மந்தம் சார். கலவை மிக்ஸர் பக்கத்துலயே நின்னு நின்னு."

"ஆனைமுடி. பதினொன்னு."

"தொட்டபெட்டா?"

"பத்து அங்குலம். ஆறு நூல்."

"அப்ப மொதல்ல குடுத்த அளவு?"

இதைக் கேட்க வேண்டும் என்று நான் திட்டமிட்டு வரவில்லை. வாயில் வந்துவிட்டது. முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை பேனா மூடியைக் கடித்தபடி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் குடுத்த அளவுதான் தப்பு," என்றார் அவர். குரல் தெளிவாகவே இருந்தது.

நான் குனிந்து வேலையைத் தொடங்கினேன். தொட்டபெட்டாவின் உச்சிக் கம்பியை அறுக்க அரை மணி நேரம் பிடித்தது. இரண்டு பிளேடுகள் உடைந்தன. என் கெட்டிக்காரத்தனத்துக்கு நானே பட்ட பாடு அது. ஆனைமுடியை நனைத்து, கொத்திவிட்டு, இரண்டு நூல் ஏற்றினேன். வழுக்கைப் பாறையின் வளைவு எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். கரண்டியால் அல்ல, கட்டைவிரலால் இழைத்தேன். அதைப்போல ஒரு வேலையை நான் வேறெங்கும் செய்ததில்லை.

மணி அடித்துப் பிள்ளைகள் போன பின்பும் அவர் போகவில்லை. நான் குழாயடியில் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது அருகில் வந்தார்.

"நீங்க அதப் பார்த்திருக்கீயளா?"

"எத சார்?"

"ஆனைமுடிய."

"மூணு வருசம் தெனமும் பார்த்திருக்கேன்."

அவர் ஈரமான சிமெண்டு மலையைத் திரும்பிப் பார்த்தார். "இருபத்தெட்டு வருசமா நடத்துதேன். ஒரு தடவ கூடப் போனதில்ல. போகணும்னு நெனைப்பேன், எங்க... அடுத்த மாசம் ரிடயர்டு. முட்டி வேற ஏற விடாது." பிறகு கேட்டார், "நேர்ல எப்பிடி இருக்கும்?"

அந்தக் கேள்வியில் ஏளனம் துளியும் இல்லை. ஒரு மாணவன் கேட்பது போலக் கேட்டார். அதைச் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

"எல்லாம் பொஸ்தகத்துல இருக்கும் சார்," என்றேன்.

கரண்டியை உதறிச் சாக்கில் சுருட்டிக்கொண்டு நடந்தேன். வாசலில் இராஜபாளையம் பேருந்து வந்து நின்றது. ஏறி உட்கார்ந்தேன். அவர் குழாயடியிலேயே நின்றிருந்தார்.

"அவியளுக்குச் சொல்லியிருக்கலாம்ல, என்ன கொறைஞ்சு போவீய?" என்று என் மனைவி பலமுறை கேட்டிருக்கிறாள். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.