அத்தை வீடு ஓடிய நாள்

வீடு ஓடும் என்று எனக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. எட்டு வயதில் அதை அனுபவித்தபோது தூக்கிவாரிப் போட்டது. இன்றும் ஈப்போவிலிருந்து மின்சார ரயிலில், அத்தை வீடு இருந்த தஞ்சோங் ரம்புத்தானைக் கடக்கும்போது, இருக்கையை ஒருமுறை இறுகப் பிடித்துக்கொள்கிறேன்.

மாமாவுக்குத் தண்டவாளம் பழுது பார்க்கும் வேலை. பயணிகளுக்கு ஆகாது என்று கழித்துவிட்ட பழைய ரயில் பெட்டிகளைக் கிளைப் பாதையில் நிறுத்தி, அந்த வேலையாட்களைக் குடிவைத்திருந்தார்கள். அத்தை ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை மாட்டி, பெட்டிக்கும் பக்கத்து மரத்துக்கும் துணி காயப்போடக் கயிறு கட்டி, அதை வீடாக்கியிருந்தார்.

பெட்டியின் முகப்பில் எப்போதும் ஒரு சிவப்புக் கொடி தொங்கும். உள்ளே ஆள் இருக்கிறது, இழுக்காதே என்று எஞ்சின் டிரைவருக்கு அது சேதி. வேலையாட்கள் மட்டுமே அதைத் தொடலாம். வீட்டுப் பெண்கள் கை வைத்தது தெரிந்தால் குடும்பத்தையே பழையபடி ரப்பர் தோட்டத்து வேலைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மாமா எச்சரித்திருந்தார்.

அந்தப் பள்ளி விடுமுறையில், மாமாவை மண்டோர் ஆக்கலாமா என்று பார்க்க இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. மண்டோர் ஆனால் கூட்டத்துக்கே தலைவர்; சிமெண்டுத் தரை போட்ட குவாட்டர்ஸ் உண்டு.

"நகராத வூடு ஒன்னு கெடைச்சா போதும்லா எனக்கு" என்று சொல்லிக்கொண்டே அத்தை பெட்டியைத் தேய்த்துக் கழுவினார். வெளியே தகரக் கூரையின் கீழ் இன்ஸ்பெக்டருக்காக மீன் தலைக் கறி கொதித்தது. எல்லாம் பளபளத்த பிறகு, புகை படிந்த அந்தக் கொடி மட்டும் அத்தையின் கண்ணை உறுத்தியது. அதையும் துவைத்துக் கயிற்றில் போட்டுவிட்டார். அடிக்கிற வெயிலுக்கு நொடியில் காய்ந்துவிடும் என்று நினைத்திருப்பார்.

நான் உள்ளே, சேலைத் தொட்டிலில் தூங்கிய அத்தை மகனுக்குக் காவல். பெட்டியோடு கோத்திருந்த கல் வண்டிகளை இழுத்துப்போக எஞ்சின் வந்தது. கொடி இருந்தால் பெட்டியைக் கழற்றிவிட்டுத்தான் இழுப்பார்கள். இல்லாததால் சேர்த்தே இழுத்தார்கள்.

ஒரே குலுக்கல். தொட்டில் தானாக ஆடியது. மரம் பின்னால் போயிற்று, அடுப்பு பின்னால் போயிற்று, கரண்டியும் கையுமாக அத்தையும் பின்னால் போனார். வீடு போன பிறகும் கறி அங்கேயே கொதித்துக்கொண்டிருந்தது. கதவு வேறு திறந்து கிடந்தது. பிள்ளை வெளியே விழுந்துவிடுவானோ என்று அவனை அள்ளிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

கயிறு மரத்திலிருந்து அறுந்து, அத்தையின் சேலைகளும் மாமாவின் சட்டைகளும் எங்களோடு இழுபட்டு வந்தன. சிவப்புக் கொடியும் வந்தது. அத்தை ஓடி வந்து அதைப் பிடுங்கினார்.

"நிப்பாட்டுங்க அண்ணே! புள்ளைங்க உள்ள இருக்கு!"

கொடியை வீசிக்கொண்டு எஞ்சினை நோக்கி ஓடினார். வண்டி நின்றது. அத்தை ஜல்லிக்கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சேதி கேட்டு மாமாவும் இன்ஸ்பெக்டரும் விரைந்து வந்தபோதும் ஈரக் கொடி அத்தையின் கையில்தான் இருந்தது.

"ஆர் இந்தக் கொடியைக் கழட்டினது?" என்று யாழ்ப்பாணத்துக்காரரான இன்ஸ்பெக்டர் சீறினார்.

மாமா அத்தையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான்தாங்கய்யா. காலையில தொவைச்சுப் போட்டேன். திருப்பிக் கட்ட மறந்துட்டேன்."

வீடு ஓடியதைவிட எனக்கு இதுதான் பெரிய அதிர்ச்சி. மாமா பொய் சொல்லி நான் கண்டதே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாரே! உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். அவருடைய கனத்த கை என் தலைமேல் வந்து உட்கார்ந்தது.

"உம்மை நம்பி என்னெண்டு நான் ஆக்களை விடுறது? மண்டோர் வேலை உமக்குச் சரிவராது" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் சாப்பிடாமலே போய்விட்டார்.

அந்த மீன் தலை முழுசாக மாமாவின் தட்டுக்கு வந்தது. வாய் ஓயாமல் அவரை ஏசும் அத்தை, பக்கத்தில் உட்கார்ந்து முள் எடுத்துக் கொடுத்தார். பொய் சொன்னவருக்கு மீன் தலையா! எனக்கு மனசு ஆறவே இல்லை.

விடுமுறை முடிந்து என்னை அழைத்துப்போக வந்த அப்பாவிடம், ஒன்று விடாமல் ஒப்பித்தேன். மாமாவை நன்றாக ஏசுவார் என்று காத்திருந்தேன். அப்பா நேரே போய் மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "தங்கச்சிய நல்ல எடத்துலதான் குடுத்திருக்கேன் மச்சான்" என்றார்.

பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து கெட்டுப்போய்விட்டார்கள் என்று முடிவு கட்டி, ஈப்போ வரை பஸ்ஸில் நான் அப்பாவோடு பேசவே இல்லை.