இரண்டு விளக்கும் சேர்ந்து எரிந்த நாள்

டைம் ஆபீஸ் அம்மாவுக்குப் பிடித்த மனிதர்கள் என்று உலகத்தில் யாரும் இல்லை. பிடிக்காதவர்களில் முதல் இடம் மாப்பிள்ளைக்கு. மகளைக் கட்டிக்கொண்ட நாள் முதல் இருபத்திரண்டு வருடமாக அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

நூல் ஆலையில் முப்பத்தோரு வருடம் நேர அலுவலகத்தில் இருந்தவள் அவள். வேலைக்கு வருகிறவர்கள் வந்த நேரத்தை அட்டையில் பதிப்பது அவள் வேலை. ஒரு நிமிடம் பிந்தியவனையும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள். மானேஜரின் அட்டையிலேயே ஒரு முறை சிவப்பு மையில் 'தாமதம்' என்று பதித்துவிட்டு, "மணின்னா மணிதான் சார்" என்றாளாம். இதை அவள் வாயால் கேட்டவர்கள் ஏராளம், கண்ணால் பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை. ஓய்வு பெற்றபோது அட்டைகளை ஆலையிலேயே ஒப்படைத்துவிட்டாள். வாயை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் முதுகுத்தண்டு போயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை, கிள்ளினாலும் தெரியாது. மகள் வீட்டுப் பின்னறையில் கட்டில் போட்டார்கள். பார்த்துக்கொள்ள வந்த முதல் நர்ஸ் ஒன்பது நாள் இருந்தாள். அடுத்தவள் மூன்றாம் நாளே, "இந்தப் பேச்சையெல்லாம் கேக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?" என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் எல்லாம் மகள்தான். காலையில் மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, மாலையில் அம்மா.

படுத்தே கிடக்கிறவர்களுக்கு முதுகில் புண் வந்துவிடும். இவளுக்கும் வந்தது, முதுகெலும்பு முடிகிற இடத்தில். ஆறுவதற்கு மூன்று மாதம் ஆயிற்று. மறுபடி அதே இடத்தில் வந்தால் எலும்புவரை இறங்கிவிடும், அப்புறம் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் காற்று மெத்தை. குறுக்கே வரிசை வரிசையாகக் காற்றுப் பைகள். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை ஐந்து நிமிடம் உப்பி நிற்கும், மற்றவை தளர்ந்து கிடக்கும். அடுத்த ஐந்து நிமிடம் மாறும். உடம்பின் பாரம் ஒரே இடத்தில் அழுந்தாமல் மாறிக்கொண்டே இருக்கும். காற்றை இப்படி மாற்றி மாற்றி அனுப்பிய பெட்டி ஒரு புதன்கிழமை புகைந்து அணைந்துபோனது. புதுப்பெட்டி திங்கட்கிழமைதான் வரும் என்றார் கடைக்காரர். சனிக்கிழமையோ மகளுக்கு வெளியூரில் பதவி உயர்வுத் தேர்வு. அதை எழுத ஏழு வருடமாகக் காத்திருந்தவள் அவள்.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் மாப்பிள்ளை.

எதற்கு இருக்கிறார் என்பதுதான் மாமியாரின் இருபத்திரண்டு வருடச் சந்தேகம். பள்ளிக்கூட அறிவியல் கூடத்தில் சோதனைக் குழாய் கழுவிக் கொடுக்கும் உதவியாளர் அவர். வீட்டுக்கு வந்ததும் விஞ்ஞானி ஆகிவிடுவார். முன்னறை மேஜை முழுக்க வயரும் ஈயமும், பழைய ரேடியோக்களின் குடலும். கை தட்டினால் எரியும் விளக்கு ஒன்றைக் குளியலறையில் மாட்டினார், உடம்பெல்லாம் சோப்போடு மகள் இருட்டில் தட்டிக்கொண்டே குளித்தாள். தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் கத்தும் மணி ஒன்று செய்தார், அது தொட்டி நிறைந்ததைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கத்தியது. எதுவும் முழுசாக உருப்பட்டதில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, தன்னைப் போன்ற விஞ்ஞானிகளுக்கு அனுப்பிவிடுவார். அவர்களும் பிரமாதம் என்று பதில் போடுவார்கள். வேறு என்ன போடுவார்கள், இருட்டில் கிடப்பது அவர்கள் வீட்டுக் குளியலறையா?

மூன்று நாள் மகள் லீவு போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்தாள். அந்த மூன்று நாளில் அவர் பெட்டியைச் செய்து முடித்தார். மீன் தொட்டிக்குக் காற்று அடிக்கும் சின்னப் பம்புகள் இரண்டு, அவற்றை ஓட்டி நிறுத்த டைமர்கள் இரண்டு. ஒரு பம்பு ஓடினால் சிவப்பு விளக்கு, மற்றது ஓடினால் பச்சை.

"எதுக்கு ரெண்டு டைமரு?" என்று கட்டிலிலிருந்து கேட்டாள் மாமியார்.

"ஒன்னு கெட்டுப்போனாலும் இன்னொன்னு ஓடும்ல அத்தை" என்று பெருமை பொங்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓட்டிக் காட்டினார். சிவப்பு அணைந்த நொடி பச்சை எரிந்தது. பச்சை அணைந்ததும் சிவப்பு. பத்து நிமிடம் பார்த்தார், அவருக்கு அது போதும். போட்டோ எடுக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு மகள் அம்மாவைத் துடைத்து, துணி மாற்றி, மல்லாக்கப் படுக்க வைத்து, பெட்டியை ஓட விட்டுவிட்டுக் கிளம்பினாள். "ராத்திரி எட்டு மணிக்குள்ள வந்துடுவேன். ஏதாச்சும்னா அவரைக் கூப்பிடும்மா" என்றாள். அம்மா உதட்டைச் சுழித்தாள்.

எதிர்ச் சுவரில் கடிகாரம், அதற்குக் கீழே ஸ்டூலில் பெட்டி. பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் அவள் இரண்டையும் பார்த்துக்கொண்டு கிடந்தாள். முதல் சுற்று ஒழுங்காகத்தான் ஓடியது. பிறகு சிவப்பு அணைவதற்கு முன்பே பச்சை எரிய ஆரம்பித்தது. கொஞ்சம்தான், ஒவ்வொரு சுற்றிலும் இருபது விநாடி கூடுதலாக. இருபது விநாடியை விடுகிறவளா அவள்? எட்டு மணிக்கெல்லாம் இரண்டும் சேர்ந்து எரிந்தன, சேர்ந்து அணைந்தன. எரிந்தபோது மெத்தை முழுக்கக் கல்லாக உப்பியது, அணைந்தபோது முழுக்கப் பலகையாக அமுங்கியது. மாறி மாறி என்ற பேச்சுக்கே இடமில்லை.

"மாப்ளே! உங்க பெட்டி பல்ல இளிச்சிடுச்சு, வந்து பாருங்க!"

அவர் வந்தார். பின்பக்கம் இருந்த ஒரு பொத்தானை அழுத்தினார். இரண்டு டைமரும் முதலிலிருந்து தொடங்கின. சிவப்பு, பிறகு பச்சை. "எங்க அத்தை தப்பா ஓடுது? அழகா ஓடுதே" என்று சிரித்தார்.

"இப்ப ஓடும். கொஞ்சம் கழிச்சுப் பாருங்க."

கொஞ்சம் கழித்துப் பார்க்கும் ஜாதியா அவர்? போய்விட்டார். பத்தரைக்கு மறுபடி அதே கூத்து. மறுபடி கூப்பிட்டாள், மறுபடி பொத்தான், மறுபடி அந்தச் சிரிப்பு. "கரன்ட்டு ஏறி எறங்குது அத்தை. அதுக்குப் பெட்டி என்ன பண்ணும்?"

"கரன்ட்டு மேல பழியப் போடாதீங்க. எங்க ஆலையில முன் வாசலுக்கு ஒரு கடியாரம், பின் வாசலுக்கு ஒரு கடியாரம். திங்கக்கெழம ரெண்டையும் ஒன்னா வச்சா புதன்கெழம மூணு நிமிசம் வித்தியாசம். ரெண்டு கடியாரம் என்னைக்குமே ஒத்துப்போகாது. பின் வாசல் கடியாரத்தையே நான் கழட்டிட்டேன். முன் வாசல்ல மணி அடிச்சா, அதக் கேட்டுப் பின் வாசலச் சாத்தணும், அவ்ளோதான். உங்களுக்கு எதுக்கு ரெண்டு? ஒன்னு நின்னா இன்னொன்னு ஓடணும், அது போதாது? இதுகூடத் தெரியாம என்ன விஞ்ஞானம்?"

அத்தனையும் சரி, ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. கடைசி வாக்கியத்தை மட்டும் விழுங்கியிருந்தால் அவர் காதில் ஏறியிருக்கும். ஆனால் நேற்று காபியில் சர்க்கரை குறைச்சல், முந்தாநாள் ஃபேன் சத்தம், அதற்கு முந்தின நாள் அவர் செருப்பு போட்டு நடக்கும் தினுசு என்று இருபத்திரண்டு வருடமாகக் கரித்துக் கொட்டிய வாய் அல்லவா? இதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. இருந்தாலும் மனிதர், அடக்கிக்கொண்டு கேட்டார்.

"உங்களுக்குச் சந்தேகமா இருந்தா, நான் ஒருக்களிச்சுப் படுக்க வைக்கட்டுமா அத்தை?"

"தொடாதீங்க!" என்றாள் அவள். "எம் பொண்ணு வர்ற வரைக்கும் யாரும் என்னைத் தொட வேணாம். போய் உங்க ஓட்டை ரேடியோவத் தொடுங்க."

அவர் கதவைச் சாத்திவிட்டுப் போனார். முன்னறையில் பாட்டு உரக்கக் கேட்டது.

அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் கேட்டிருக்காது. விளக்குகள் மெல்ல மெல்ல ஒன்றோடொன்று சேர்வதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். ஒரு மணிக்கு இரண்டும் மறுபடி ஒரே நேரத்தில் எரிந்து ஒரே நேரத்தில் அணைந்தன. அணைந்த ஐந்து நிமிடமும் தன் உடம்பின் மொத்தப் பாரமும் அந்த ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் வலிக்கவில்லை. வலித்தால் கத்தலாம். அறுபத்தொன்பது வயதில் அவளுக்கு முதல் முறையாகப் பயம் வந்தது. கூடவே கோபமும் வந்தது. கோபம் அவளுக்குப் பழகின சாமான் என்பதால் அதையே இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அந்த மனிதரின் மூக்கை உடைத்தே ஆக வேண்டும். அவருடைய பெட்டி செய்த காரியத்துக்கு அத்தாட்சி ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. அது அவள் முதுகில் இருந்தது.

ஒன்றரைக்கு அவர் சாப்பாட்டுத் தட்டோடு வந்தார்.

"தட்டை வச்சிட்டு என்னைத் திருப்புங்க" என்றாள்.

"அத்தை?"

"திருப்பிப் பாருங்க. பாத்துட்டு உங்க பெட்டி சரியா ஓடுதா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க."

பெற்ற மகளையும் நர்ஸ்களையும் தவிர யாரும் பார்க்காத முதுகு அது. அவர் தயங்கித் தயங்கி ஒரு கையைத் தோளுக்கும் ஒரு கையை இடுப்புக்கும் கொடுத்து அவளைச் சுவர்ப் பக்கமாகப் புரட்டினார். உடையின் முடிச்சைத் தளர்த்தினார். 'நான் சொன்னேனா இல்லையா' என்பதில் தொடங்கி, குளியலறை விளக்கு வழியாக, அவரைக் கல்யாணத்துக்குத் தேர்ந்தெடுத்த முட்டாள்தனம் வரைக்கும் அவள் நாக்கில் எல்லாம் வரிசையாக நின்றது. அவர் வாயைத் திறந்தால் போதும்.

அவர் திறக்கவில்லை.

"என்ன?" என்றாள் சுவரைப் பார்த்துக்கொண்டு. "சிவந்திருக்கா?"

அவர் இன்னும் கிட்டக் குனிந்து பார்த்தார்.

"வாயில என்ன? சொல்லுங்க."

"தோல் உரிஞ்சிருக்கு அத்தை" என்றார். "அதே எடத்துல. தண்ணி கசியுது."

ஜெயித்துவிட்டாள். நாக்கில் வரிசையாக நின்றதெல்லாம் கலைந்துபோனது. தன் கணக்கு தப்பாக இருந்திருக்கக் கூடாதா என்று வாழ்க்கையிலேயே அன்றுதான் நினைத்தாள்.

அவர் டாக்டருக்குப் போன் செய்து, சொன்னபடியெல்லாம் செய்தார். கழுவினார், மருந்து வைத்தார், தலையணைகளை முட்டுக் கொடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தார். நடுவில் தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தார். ஒரு டைமரைப் பிடுங்கி எறிந்தார். மிச்சமிருந்த ஒன்றையே ஒரு ரிலே சுவிட்சில் கோர்த்தார். ஒரு பம்பு நின்றால்தான் மற்றது ஓடும், ஓடியே ஆகும். அரை மணி நேர வேலை. இதற்கு அவர் போட்டோ எடுக்கவில்லை.

எட்டு மணிக்கு மகள் வந்தாள். முதுகைப் பார்த்தாள், அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஒரே ஒரு நாளுங்க. ஒரே ஒரு நாள் பாத்துக்கச் சொன்னேன். பெட்டி பெட்டின்னு குதிச்சீங்களே, இவ்ளோ நேரத்துல திருப்பிவிடணும்னு ஒரு தடவகூடவா தோணல உங்களுக்கு? கல்லா நீங்க?"

அவர் தலையைக் குனிந்து நின்றார். "தப்புதான்" என்றார். சொல்ல இருந்தது, சொல்லவில்லை.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளுக்கு எல்லாம் கேட்டது. மகள் இன்னும் இரண்டு வாக்கியம் திட்டினாள். இத்தனை வருடத்தில் மாப்பிள்ளையை யாராவது திட்டினால் கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்கு ஒரு சுகம். இன்றைக்கு அது கசந்தது.

"அவரத் திட்டாத" என்றாள்.

மகள் நிறுத்தினாள்.

"திருப்பட்டுமான்னு பத்தரைக்கே கேட்டாரு. நாந்தான் தொடாதீங்கன்னுட்டேன். ஒன்றரை வரைக்கும் அப்படியே கெடந்தேன்."

ஒரு பம்பு நின்று மற்றது ஓடியது.

"ஆனா பெட்டி தப்புதான்" என்றாள் அவள். "அதுல ஒன்னும் மாத்தமில்ல."