விழுந்த அரசாங்கத்துக்காக அழுதவர்

பியர்பொன்ட்ஸ் என்ற வெளிநாட்டு ஊரில் ஒரு யாழ்ப்பாணத்தாரின் சாப்பாட்டுக் கடையில் நான் கோப்பை கழுவிய காலத்தில், பக்கத்தில் வெங்காயம் உரித்தவர் ஒரு நேபாளி. கட்டையான உருவம், நரைத்த மீசை. கட்டாரில் எங்கள் ஆட்களோடு வேலை செய்து தமிழ் பழகியிருந்தார். தினமும் ஏப்ரன் கட்டுமுன் கைப்பேசியில் தன் நாட்டுச் செய்தி பார்ப்பார்.

“என்ன அண்ணை, உங்கட அரசாங்கம் இண்டைக்கும் நிக்குதோ?” என்று கேட்பேன்.

“நிக்குது தம்பி. ஆனா ஆடுது.”

ஒருநாள் அது விழுந்துவிட்டது. அங்கே தெருவெங்கும் கலவரம். அவர் வெங்காய மூட்டைமேல் அமர்ந்து அழுதார்.

“உரிக்க முதலே அழுறியள்,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “நாட்டுக்குப் புது அரசியல் யாப்பு எழுதேக்க ஊருக்கு வந்து என்ன வேணும் எண்டு எங்களிட்டைக் கேட்டவங்கள். தாயின்ர பேரிலயும் பிள்ளைக்குக் குடியுரிமை வேணும் எண்டு எழுதிக் குடுத்தனான். தங்கச்சியின்ர புருசன் விட்டிட்டுப் போட்டான். பிள்ளைக்கு இன்னும் கடதாசி இல்லை. இந்த அரசாங்கம்தான் தாறம் எண்டது.” பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “உங்கட நாட்டில நீங்கள் என்ன எழுதிக் குடுத்தனீங்கள்?”

நான் ஐந்து நாடுகளில் அதிகாரிகளுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். பெயர் கேட்டார்கள், வந்த வழி கேட்டார்கள், விரல் அடையாளம் எடுத்தார்கள். ஒரு நாடு எப்படி இருக்க வேண்டும் என்று என்னிடம் எவரும் கேட்டதில்லை.

“உங்களிட்டைக் கேட்டவங்கள் எல்லாம் பதவி போய் வீட்டுக்குப் போயிட்டாங்கள். நீங்கள் உரியுங்கோ,” என்றேன்.

அவர் கத்தியை எடுத்தார். அழுதுகொண்டிருந்த அந்த மனிதர்மேல் எனக்கு வந்த பொறாமை இன்னும் ஆறவில்லை.